டப்பாவைத் தூக்கிப் போடுங்கள்

கேள்வி: நிலாவெளியில் கடற்கரை விடுதி ஒன்றில் வேலை செய்கிறேன்; பாதி நாள் மணலில்தான். வெள்ளைக்காரப் பெண்கள் எண்ணெய் பூசிக் கிடந்து நிறம் ஏற்றுகிறார்கள். நானோ நாலு மாதத்தில் கறுத்துவிட்டேன். அம்மா பேரில்லாத டப்பாவில் வெள்ளையாக்கும் கிறீம் வாங்கித் தந்திருக்கிறார். பூசலாமா?
– உப்புவெளி வாசகி, வயது 22

பதில்: தங்கச்சி, டப்பாவை முதலில் குப்பையில் போடுங்கள். இப்படிப்பட்ட சில கிறீம்களில் பாதரசம் இருக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும். நானும் இருபது வயதில் ஒன்றைப் பூசி, முகம் வீங்கிக் கலியாண வீட்டுக்குப் போனவள். அந்தப் போட்டோக்களை இன்னும் ஒளித்துத்தான் வைத்திருக்கிறேன்.

கறுப்பது வியாதியில்லை. வெயிலிலுள்ள புற ஊதாக் கதிர் பட்டுக் காயப்படும்போது, தோல் மெலனின் என்ற கறுப்பு நிறப்பொருளைக் கூட்டித் தன்னைக் காக்கப் பார்க்கிறது. அந்தப் பெண்கள் ஆசைப்படும் நிறமும் அதே காயத்தின் அடையாளம்தான். அவர்கள் ஊரில் நிறம் ஏற்றவென்றே புற ஊதாக் கதிர் வீசும் விளக்குப் படுக்கைகள் உண்டு. 2009இல் அவை புற்றுநோய் உண்டாக்குபவை என வகைப்படுத்தப்பட்டன.

சரி, நீங்கள் எஸ்.பி.எஃப். (வெயில் காப்பு அளவு) 30 என்று போட்ட சன்ஸ்கிறீன் வாங்குங்கள். பட்டும் படாமலும் பூசினால் பலன் குறையும். முகத்துக்கும் கழுத்துக்கும் இரண்டு விரல் நீளம், இரண்டு மணிக்கொரு தடவை. மத்தியானம் குடையும் வேண்டும். மணல் வெயிலைத் திருப்பி அடிப்பதால் குடைக்குக் கீழேயும் கிறீமை விடாதீர்கள். அம்மா ஏசினால் என் பேரைச் சொல்லுங்கள்.