சிரேஷ்ட மாணவர் பழக்கும் கைவேலை

கேள்வி: மருத்துவ பீடத்தில் இரண்டாம் வருடம் படிக்கும் என் மகள், இரத்த அழுத்தம் அளக்கவும் கனூலா (மருந்து செலுத்த நாளத்தில் செருகும் மெல்லிய குழாய்) ஏற்றவும் நான்காம் வருட மாணவர்களே தங்களுக்குப் பழக்குவதாக விடுமுறைக்கு வந்தபோது சொன்னாள். விரிவுரையாளர்கள் தங்கள் வேலையைப் பிள்ளைகளின் தலையில் கட்டுகிறார்களா? இது பகிடிவதைக்கும் வழிவிடாதா?
— ஒரு தாய், உப்புவெளி

பதில்: அம்மா, இது நேற்று முளைத்த ஏற்பாடு அன்று. நம் திண்ணைப் பள்ளிக்கூடங்களில் மூத்த மாணவனான சட்டாம்பிள்ளை செய்ததும் இதைத்தான். 1789இல் சென்னை எழும்பூரில் அநாதைச் சிறுவர் பள்ளியைப் பொறுப்பேற்ற அன்ட்ரூ பெல், மூத்த சிறுவர்களைக் கொண்டே இளையவர்களுக்குக் கற்பித்ததனால், அம்முறை இங்கிலாந்தில் ‘மதராஸ் முறை’ என்றே பெயர் பெற்றது.

முப்பது வருடம் வாட்டில் நின்ற வைத்தியரின் கை நினைக்காமலே வேலை செய்யும். ஆகவே புதியவர் எந்த இடத்தில் தடுமாறுவார் என்பது அவருக்கு மறந்துபோயிருக்கும். ஸ்டெதஸ்கோப்பின் காதுமுனைகள் முன்னோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும்; அதைப் பின்பக்கமாக மாட்டிக்கொண்டு, ஒன்றும் சரியாகக் கேட்காமல், அதைச் சொல்லவும் கூச்சப்பட்டு நிற்கும் பிள்ளையை இரண்டு வருடத்துக்கு முன் அப்படியே நின்ற சிரேஷ்ட மாணவர்தான் சட்டென்று கண்டுபிடிப்பார். பேராசிரியரிடம் கேட்க நாவெழாத கேள்வியும் அவரிடம் எளிதாக வந்துவிடும்.

அறுவைச் சிகிச்சை நிபுணரான றொட்னி பெய்ற்றன் 1998இல் வகுத்த நான்கு படிகளைப் பல பீடங்கள் பின்பற்றுகின்றன. கற்பிப்பவர் முதலில் பேசாமல் செய்து காட்டுவார். அடுத்து விளக்கியபடி செய்வார். பிறகு மாணவர் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்லக் கற்பிப்பவரின் கை செய்யும். கடைசியில் மாணவரே சொல்லிக்கொண்டு செய்வார். மூன்றாம் படியே உயிர்நாடி என்பது என் எண்ணம். மாணவரின் மனத்தில் எந்தக் கண்ணி விட்டுப்போயிருக்கிறது என்பது அங்கேதான் வெளிப்படும். ஆனால் ஆறேழு பேர் கொண்ட குழுவுக்கு நேரம் போதாதபோது முதலில் கைவிடப்படுவதும் அதுவே.

இதில் ஆபத்தே இல்லை என்று சொல்லமாட்டேன். நான் மாணவனாக இருந்தபோது, மணிக்கட்டு நாடியைத் தொட்டுப் பார்க்காமல் இரத்த அழுத்தம் அளக்கக் கையில் சுற்றும் பட்டியை 160 வரை ஊதினால் போதும் என்று ஒரு சிரேஷ்ட மாணவர் பழக்க, நாங்கள் ஐந்து பேரும் அதையே பிடித்துக்கொண்டோம். ஒருநாள் வாட்டில் ஒரு முதியவருக்கு 140 என்று நான் எழுத, பின்னால் வந்த வைத்தியர் நாடி மறையும் வரை ஊதி, அதற்கு மேலும் 30 மில்லிமீற்றர் ஏற்றி, செக்கனுக்கு 2 மில்லிமீற்றர் வீதம் இறக்கிப் பார்த்தபோது 190 இருந்தது. பட்டி இறங்கும்போது ஸ்டெதஸ்கோப்பில், சில நோயாளிகளுக்கு ஒலி தொடங்கி, இடையில் அடங்கி, மறுபடி கேட்கும். அந்த மௌனத்துக்குள் நாங்கள் ஊதுவதை நிறுத்தியிருந்தோம். பிழையும் கைமாறும் என்பதனால்தான், பழக்கும் மாணவரை முதலில் விரிவுரையாளர் சோதித்து, இடையிடையே வந்தும் பார்க்க வேண்டும் என்கிறேன். உங்கள் மகளிடம் இதைக் கேட்டுப் பாருங்கள்.

பகிடிவதை பற்றிய அச்சம் நியாயமானது. இலங்கையின் 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் அதைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியிருக்கிறது. பயிற்சி பீடத்தின் அட்டவணைப்படி, பகலில், பயிற்சிக்கூடத்தில் நடக்கட்டும். இரவில் விடுதி அறைக்கு அழைத்தால் அது வகுப்பு அன்று. பரிசோதனை பழக ஒருவர் மற்றவருக்குத் தம் உடலைக் காட்டுவதும் மனமொப்பினால் மட்டுமே. மறுத்த பிள்ளையிடம் காரணம் கேட்கக் கூடாது.

கேள்வி: நான் நான்காம் வருட மாணவன். கனிஷ்ட மாணவர்கள் கேட்கும் கேள்விக்கு விடை தெரியாவிட்டால் என்ன செய்வது? இதற்குச் செலவிடும் நேரம் என் படிப்பைக் கெடுக்காதா?
— மாணவர், திருகோணமலை

பதில்: தம்பி, தெரியாது என்று சொல்லி, விரிவுரையாளரிடம் கேட்டு, அடுத்த வகுப்பில் விடையோடு போங்கள், சமாளித்துச் சொன்ன விடை ஐந்து பேரின் நோயாளிகளிடம் போய்ச் சேரும். படிப்புக் கெடாது. ஏன் இந்தக் கோணத்தில் ஊசியை நுழைக்கிறோம் என்று இன்னொருவருக்கு விளக்க முயலும்போதே நமக்கு அது தெளிவாகும். பரீட்சை மாதத்தில் மட்டும் விலகி நில்லுங்கள். கனூலாவைச் செயற்கைக் கையில் எத்தனை முறை வேண்டுமானாலும் பழக்குங்கள். நோயாளியின் கை என்று வந்துவிட்டால், பொறுப்பான வைத்தியர் பக்கத்தில் வந்து நிற்கும்வரை ஊசியின் மூடியைக் கழற்றாதீர்கள்.