மீட்டர் 90, கைப்பேசி 85: எதை நம்புவது?

கேள்வி: அண்ணே, என் கார் மீட்டர் 90 காட்டும்போது கைப்பேசி 85 என்கிறது. மீட்டர் கெட்டுவிட்டதா? ஓடிய தூரமும் தப்பாக இருக்குமோ?
- வாசகர், ஈசூன்

பதில்: கெடவில்லை, தம்பி. ஐ.நா. விதி 39-இன்படி வேகமானி உண்மையான வேகத்தைவிடக் குறைத்துக் காட்டவே கூடாது. 10 சதவீதமும் அதற்குமேல் 4 கிலோமீட்டரும் வரை கூட்டிக் காட்டலாம். அதனால் தொழிற்சாலையிலேயே கொஞ்சம் கூட்டித்தான் வைப்பார்கள். கைப்பேசியை நேரான சாலையில், சீரான வேகத்தில் பாருங்கள். சுரங்கச் சாலைக்குள் ஜிபிஎஸ் சிக்னலை நம்ப முடியாது. பார்ப்பது பக்கத்தில் இருப்பவராக இருக்கட்டும். ஓட்டிக்கொண்டே கைப்பேசியைப் பிடித்தால் இங்கே சிங்கப்பூரில் குற்றம்.

தூரம் வேறு கணக்கு. அதில் இப்படி வேண்டுமென்றே கூட்டி வைக்கும் வழக்கம் இல்லை. அடுத்தமுறை ஜொகூர் தாண்டி வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் போகும்போது ஒரு கிலோமீட்டர் பலகையில் ட்ரிப் மீட்டரை (ஒரு பயணத்தின் தூரத்தை மட்டும் காட்டுவது) சுழியமாக்குங்கள். பலகைக் கணக்கில் 20 கிலோமீட்டர் ஆனதும் பாருங்கள்: 20.4 என்றால் 2 சதவீதம் கூடுதல். அங்கேயே வேகத்தையும் சோதிக்கலாம். உண்மையான 90-இல் ஒரு கிலோமீட்டருக்குச் சரியாக 40 வினாடி; உங்கள் மீட்டர் காட்டும் 90-இல் 42, 43 வரும்.

அப்புறம், டயரைக் கவனியுங்கள். 8 மில்லிமீட்டர் பள்ளம் 1.6 வரை தேய்ந்தால் சக்கரத்தின் விட்டம் 13 மில்லிமீட்டர் அளவுக்குச் சுருங்கும். 15 அங்குலச் சக்கரத்தில் இதுவே ஏறக்குறைய 2 சதவீதம்; அந்த அளவுக்கு மீட்டர் கூட்டிக் காட்டும். முந்தைய உரிமையாளர் பெரிய டயர் மாட்டியிருந்தால்தான் எனக்குக் கவலை. அப்போது மீட்டர் குறைத்துக் காட்டக்கூடும். ஓட்டுநர் கதவோரம் ஒட்டியிருக்கும் அளவோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.