மேஸ்திரி பதில்கள்: பழகுகிற பையனுக்கு யார் கூலி கொடுப்பது?

(கையாளாகத் தொடங்கிக் கொத்தனாராகி, இப்போது திருப்பரங்குன்றம் பக்கம் பிள்ளைகளுக்குக் கட்டு வேலை பழக்கும் மேஸ்திரி ஒருவர் இந்த இதழில் வாசகர்களுக்குப் பதில் சொல்கிறார்.)

பத்தாம் வகுப்பு முடித்த என் மகன் கொத்தனார் வேலைக்குப் போகிறேன் என்கிறான். ஐ.டி.ஐ.யில் சேர்க்கவா, ஊரில் தெரிந்த கொத்தனாரோடு அனுப்பவா? சொந்தக்காரர்கள் வேறு, படிக்க வைக்க வக்கில்லையா என்று கேட்கிறார்கள். – ஒரு தாய், உசிலம்பட்டி

சொந்தக்காரர்களை விடுங்கம்மா. நாளைக்கு வீடு கட்டும்போது நல்ல கொத்தனார் கிடைக்காமல் அவர்களே உங்கள் வாசலுக்கு வருவார்கள்.

பையனுக்குப் பதினாறு வயசு இருக்குமா? இந்த வயசில் சைட்டுக்கு அனுப்பாதீர்கள். கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் 18 முடிந்தால்தான் பதிய முடியும். அதற்கு முன்னால் சாரத்திலிருந்து விழுந்து வைத்தால், கையில் காட்ட ஒரு அட்டைகூட இருக்காது. ஐ.டி.ஐ.யில் கட்டடக் கொத்தனார் பிரிவு ஒரு வருஷப் படிப்பு. எட்டாம் வகுப்பு தேறியிருந்தாலே சேரலாம். எல்லா ஐ.டி.ஐ.யிலும் இந்தப் பிரிவு இருக்காது. அதனால் கே.புதூர் அரசு ஐ.டி.ஐ.க்கு ஒரு நடை போய், பக்கத்தில் எங்கே இருக்கிறது என்று விசாரித்துக்கொண்டு விண்ணப்பம் போடுங்கள். அரசுப் பள்ளியில் படித்த பையன் என்றால், 2024-இல் வந்த தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் ஐ.டி.ஐ. மாணவர்களுக்கும் உண்டு. அதையும் அங்கேயே கேளுங்கள்.

படித்துவிட்டு வரும் பையன்களிடம் எனக்குப் பிடித்தது கணக்குதான். ஒரு மூட்டை சிமெண்ட் ஒன்றேகால் கன அடி. ஒன்றுக்கு ஆறு கலவை என்றால் மூட்டைக்கு ஏழரை கன அடி மணல். நம் ஆட்கள் இதைச் சட்டிக் கணக்கில் போடுவார்கள். காலையில் கும்பாரமாக விழுகிற சட்டி, வெயில் ஏற ஏறத் தலை தட்டிய சட்டியாகிவிடும். அளவுப் பெட்டி வைத்து அள்ளப் பழகியவனுக்கு அந்தக் குழப்பம் இல்லை. மூன்றடி, நாலடி அளந்து குறுக்கே ஐந்தடி வருகிறதா என்று பார்த்து மூலை மட்டம் பிடிக்கவும் அங்கேயே சொல்லிக் கொடுத்துவிடுகிறார்கள். கை வேகம் மட்டும் அங்கே வராது. அதற்கு, படிப்பு முடித்து, 18 ஆன பிறகு அந்தத் தெரிந்த கொத்தனாரோடு அனுப்புங்கள். இரண்டு வருஷம் பொறுத்தால் இரண்டும் கிடைக்கும்.

மேலூர் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. வெளிநாட்டில் வேலை பார்க்கும் நண்பர்கள் சேர்ந்து ஒரு தொகை திரட்டியிருக்கிறோம். ஊரில் பத்துப் பையன்களுக்குக் கொத்தனார் வேலை பழக்க ஆசை. ஆளுக்கொரு கருவிப் பெட்டி கொடுத்து விழா வைக்கலாமா? – ஒரு வாசகர், மேலூர்

விழாவுக்கு என்னைக் கூப்பிடாதீங்க தம்பி, வர மாட்டேன். பெட்டி வேண்டியதுதான். அதை முதல் நாளே, மைக் செட் இல்லாமல் கொடுத்துவிடுங்கள். பெரிய பணம் போக வேண்டிய இடம் பையனுடைய கூலி.

கையாளாக நின்று மணல் சலித்து, கலவை போட்டுத் தூக்கிக் கொடுத்தால் சாயங்காலம் காசு. கட்டப் பழகுகிறேன் என்று கரண்டியைத் தொட்டால் காசு கிடையாது. வீட்டில் ஒரு வாரம் பொறுப்பார்கள், இரண்டு வாரம் பொறுப்பார்கள். அப்புறம் பையன் பைக்கை எடுத்துக்கொண்டு சாப்பாடு டெலிவரிக்குப் போய்விடுவான். வேலையில் நிலைக்க மாட்டேங்கிறான் என்று ஊர் பேசும். மேஸ்திரியும் கரண்டியைக் கொடுக்க மாட்டார். சதுர அடிக்கு ரேட் பேசி எடுத்த வேலையில், பழகுகிறவன் கட்டியதைப் பிரித்துத் திரும்பக் கட்ட அவருக்கு எங்கே கட்டுப்படியாகும்? நானும் சைட் எடுத்து நடத்தியவன், அவரைக் குறை சொல்ல மாட்டேன். இந்த இரண்டு பேர் நஷ்டத்தையும் உங்கள் பணம் தாங்க வேண்டும். பையனுக்குக் கையாள் கூலியில் பாதிக்குக் குறையாமல் தினப்படி, பழக்கும் கொத்தனாருக்கு முழுக் கூலி. இது இல்லாத பயிற்சியில் மூன்றாம் வாரம் பாதிப் பேர்தான் இருப்பார்கள்.

இடத்துக்கு ஒரு கொட்டகை போதும். ஒரு லோடு செங்கல் இறக்குங்கள். சிமெண்ட் இப்போதைக்கு வேண்டாம், செம்மண் சாந்தில் கட்டச் சொல்லுங்கள். சாயங்காலம் பிரித்துக் கல்லைக் கழுவி அடுக்கினால் மறுநாளும் அதே கல்தான். ஒன்பது இஞ்ச் நேர்ச்சுவர், மூட்டுக்கு நேர் மூட்டு வராமல் கல்லை விலக்கிப் போடுவது, பிறகு மூலை, சுவரோடு சுவர் சேரும் இடம், தூண் என்று போகட்டும்.

மூலையைத்தான் நான் அதிகம் வற்புறுத்துவேன். சைட்டில் இரண்டு பக்க மூலையையும் மூத்த கொத்தனார் தூக்குக்குண்டு தொங்கவிட்டு, சுவர் செங்குத்தாக நிற்கிறதா என்று பார்த்து எழுப்பிவிடுவார். நடுவில் நூல் கட்டி, அந்த நூலைப் பார்த்துக் கல்லை நிரப்புவது மட்டும் இளையவன் வேலை. நூல் சொன்னபடி வைத்துக்கொண்டே போக வேண்டியதுதான், யோசிக்க ஒன்றும் இருக்காது. அப்படி நடுவை மட்டும் நிரப்பிப் பழகியவன் தனியாக ஒரு அறை எடுக்கச் சொன்னால் முழிப்பான், ஆயுசுக்கும் இரண்டாங் கொத்தனாராகவே நிற்பான். மூலை கோணிப்போனால் பரவாயில்லை, பிரித்துக் கட்டு என்று சொல்ல முடிகிற இடம் உங்கள் கொட்டகை ஒன்றுதான்.

அது கைக்கு வந்த பிறகு சிமெண்டில் ஒரு நிஜ வேலை கொடுங்கள். பள்ளிக்கூடச் சுற்றுச்சுவர் மாதிரி ஏதாவது. அரசாங்கமும் இப்படித்தான் செய்கிறது. பிரதமர் ஊரக வீட்டுத் திட்டத்தில் கிராமப்புறக் கொத்தனார் பயிற்சி என்று 45 நாள் வைத்து, பயனாளிக்குக் கட்டுகிற வீட்டிலேயே பழக்குகிறார்கள். ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையத்தில் கேட்டுப் பாருங்கள். உங்கள் பையன்களை அதில் சேர்க்க முடிந்தால் உங்கள் பணத்தில் பாதி மிச்சம்.

தலைக்கவசம், கனமான ஷூ, கையுறை, விபத்துக் காப்பீடு, இவற்றில் கஞ்சம் வேண்டாம். சிமெண்ட் கையைத் தின்றுவிடும். தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டால் போதும் என்பார்கள், போதாது.

பத்து வருஷமாகச் சித்தாள் வேலை பார்க்கிறேன். கலவை எனக்கு அத்துப்படி. கரண்டி பிடிக்கிறேன் என்றால் சைட்டில் சிரிக்கிறார்கள். 29 வயசுக்கு மேல் முடியுமா ஐயா? – ஒரு வாசகி, அலங்காநல்லூர்

முடியும் தாயி. பொம்பளைக்கு உயரத்தில் நிற்க வராது என்பதுதானே அவர்கள் சொல்லும் காரணம்? தலையில் சட்டியோடு சாரம் ஏறி அவர்களுக்குக் கலவை கொடுப்பது யாராம்?

ஜார்க்கண்டில் கழிப்பறை கட்டும் திட்டத்தில் கிராமத்துப் பெண்களைக் கொத்தனாராக்கினார்கள், ‘ராணி மிஸ்திரி’ என்று பேர். கேரளாவில் குடும்பஸ்ரீ பெண்கள் வீடே கட்டுகிறார்கள். நம் பக்கத்தில் சித்தாளாகச் சேர்ந்த பெண் சித்தாளாகவே ஓய்வது வழக்கமாகிவிட்டது. அதற்குத் திறமைக் குறைவு காரணமில்லை. கொத்தனார் கூலிக்கும் சித்தாள் கூலிக்கும் உள்ள வித்தியாசத்தை விட்டுக்கொடுக்க யாருக்கும் மனசில்லை, அவ்வளவுதான்.

சிரிக்கிற சைட்டில் கேட்டுக்கொண்டு நிற்காதீர்கள். உங்கள் மகளிர் குழுவில் உங்களைப் போல இன்னும் இரண்டு மூன்று பேர் இருப்பார்கள். சேர்ந்து பயிற்சிக்குப் போங்கள். தனியாகப் போனால் அங்கேயும் கலவை போடத்தான் விடுவார்கள். பழகிய பிறகு கழிப்பறை, தண்ணீர்த் தொட்டி போன்ற சின்ன வேலைகளைக் குழுவாகவே ரேட் பேசி எடுங்கள். கலவை பதம் தெரிந்தவருக்குப் பாதி வேலை முடிந்த மாதிரி. மீதி, தூக்குக்குண்டும் கை நிதானமும்.

முதலில் என்ன கருவி வாங்குவது அண்ணே? – ஒரு மாணவர், செக்கானூரணி

நல்ல கரண்டி, தூக்குக்குண்டு, நூல், டேப். பூச்சைத் தேய்த்துச் சமன் செய்யும் மணியாசுக் கட்டை, பூச்சு வேலைக்கு வரும்போது போதும். குமிழ் வைத்து மட்டம் காட்டும் ரசமட்டம் வாங்கினால் கடையிலேயே சோதித்து வாங்கு. மேசை மேல் வைத்துக் குமிழ் எங்கே நிற்கிறது என்று பார். பிறகு அதே இடத்தில் முன்பின்னாகத் திருப்பி வை. குமிழ் வேறு பக்கம் ஓடினால் அது பொய் சொல்கிற மட்டம், திருப்பிக் கொடுத்துவிடு.

சுண்ணாம்பு வேலை கற்றால் பிழைக்க முடியுமா? – ஒரு வாசகர், மதுரை

சிமெண்ட் வேலையைக் கற்றுக்கொண்டு கூடவே இதையும் கற்றால், நன்றாகப் பிழைக்கலாம். 1636-இல் கட்டிய திருமலை நாயக்கர் மகால் செங்கல்லும் சுண்ணாம்பும்தான். அங்கே பூச்சில் முட்டை வெள்ளைக்கரு கலந்தார்கள் என்பது ஊருக்கே தெரியும். செட்டிநாட்டு வீடுகளும் அந்த வழிதான். இந்தப் பழைய சுவர்களில் சிமெண்டைப் பூசினால், உள்ளே இருக்கிற ஈரம் வெளியே வர வழியில்லாமல் உப்புப் பூத்து, பூச்சு பாளம் பாளமாக விழும். பழைய வீட்டுக்காரர்கள் பட்டுத் தெரிந்துகொண்டு, சுண்ணாம்பு தெரிந்த ஆளைத் தேடுகிறார்கள். ஆள் குறைவு. சுண்ணாம்பை நீற்றி, ஊறவிட்டு, கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் சேர்த்து அரைக்கப் பொறுமை வேண்டும். அந்தப் பொறுமை இருக்கிற வயசானவர் யாராவது உங்கள் தெருவில் இருந்தால் இப்போதே போய்ப் பிடித்துக்கொள்ளுங்கள்.

வீடு கட்டுகிறேன். மேஸ்திரி ஒரு பழகும் பையனைக் கட்ட விடலாமா என்று கேட்கிறார். பயமாக இருக்கிறது. – ஒரு வாசகர், திருமங்கலம்

விடலாம். எந்தச் சுவர் என்பதை நீங்கள் சொல்லுங்கள். காம்பவுண்டுச் சுவரில் ஒரு பக்கம் அவனுக்கு, மூலை உட்பட. குளியலறையும் சமையலறையும் வேண்டாம். அங்கே மட்டம் தப்பினால் டைல்ஸ் ஒட்டும்போது உங்கள் காசுதான் போகும். ஒரு நாளில் ஐந்தடிக்கு மேல் சுவர் ஏற்ற வேண்டாம், பையன் கட்டினாலும் சரி, மேஸ்திரி கட்டினாலும் சரி. கட்டும் முன் செங்கல் நனைகிறதா, கட்டிய பிறகு ஏழு நாளாவது சுவருக்குத் தண்ணீர் விடுகிறார்களா என்று பாருங்கள். நம்ம ஊர் வெயிலுக்குப் பத்து நாள் விட்டால் இன்னும் நல்லது. அவசரம் பிடித்த கொத்தனார்களின் சுவரில் பெரும்பாலும் இந்த இரண்டில்தான் கோளாறு வரும்.

கூலியை மட்டும் மேஸ்திரியிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள். பையன் கட்டுகிற நாளுக்கு உங்களிடம் கொத்தனார் கூலி வாங்கிக்கொண்டு, அவன் கையில் கையாள் கூலியை வைக்கிற வழக்கம் நம்ம பக்கம் உண்டு. கொடுப்பதை அவன் கையிலேயே கொடுப்பேன் என்று சொல்லிவிடுங்கள்.