முணுமுணுத்தவர் மேதையா?

கேள்வி: அமெரிக்கப் பாடகர் பிங் கிராஸ்பியை மேதை என்று போன இதழில் எழுதியிருந்தீர்கள். மைக்கை வாயருகே வைத்துக்கொண்டு முணுமுணுத்தவர்தானே அவர்? 'ஒயிட் கிறிஸ்துமஸ்' பாட்டை எடுத்துவிட்டால் மிச்சம் என்ன இருக்கிறது?
— வாசகர், கரூர்

பதில்: முணுமுணுத்தார் என்று நீங்கள் குறையாகச் சொல்வதைத்தான் நான் சாதனை என்கிறேன். 1925-க்கு முன் ரெக்கார்டிங் என்றால் ஒரு பெரிய புனலைப் பார்த்துக் கத்த வேண்டும், அந்த அதிர்வில்தான் ஊசி மெழுகில் கோடு கிழிக்கும். மேடையிலும் அதே கதி, கடைசி வரிசைக்குக் கேட்க வேண்டுமே. மின்சார மைக் வந்த பிறகும் பலர் பழக்கதோஷத்தில் கத்திக்கொண்டேதான் இருந்தார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரிடம் பேசுகிற மாதிரி பாடினாலே போதும், மிச்சத்தை மைக் பார்த்துக்கொள்ளும் என்று புரிந்துகொண்டவர்களில் முதல் வரிசை ஆள் கிராஸ்பி. இந்தப் பாணிக்கு அப்போதே வசவும் கிடைத்தது. 1932-இல் பாஸ்டன் கார்டினல் ஓ'கானல் இது கேவலமான பாட்டு என்று வெளிப்படையாகவே கண்டித்தார். நீங்கள் கொஞ்சம் லேட்!

முணுமுணுக்க மட்டும்தான் தெரியும் என்று நினைத்தால் 'பிரதர், கேன் யூ ஸ்பேர் எ டைம்' (இந்த டைம் நேரமில்லை, பத்து சென்ட் நாணயம்) கேளுங்கள். 1932 அக்டோபர் பதிவு, அமெரிக்காவில் வேலையில்லாத் திண்டாட்டம் தலைவிரித்தாடிய சமயம். ரயில்பாதை போட்டவன், கோபுரம் கட்டியவன், போருக்குப் போய் வந்தவன், இப்போது தெருவில் நின்று சில்லறை கேட்கிறான். கிராஸ்பி அழுது வடியவில்லை. நடந்ததைச் சொல்கிறேன், கேட்டுக்கொள் என்பது போலத் தணிவாகத்தான் ஆரம்பிக்கிறார், போர் வரும் இடத்தில் குரல் இறுகுகிறது, என்னைத் தெரியவில்லையா என்று பழைய தோழனிடம் கேட்கும்போது மேலே ஏறி வெடித்தே விடுகிறது. மைக் இல்லாமலும் அவரால் பாடியிருக்க முடியும் என்பதற்கு அந்தக் கடைசி அரை நிமிடம் போதும்.

தாளத்தோடு விளையாடும் அந்தப் பாணியை ஜாஸ் கலைஞர் லூயி ஆர்ம்ஸ்ட்ராங்கிடம் கற்றார், அதை மறைக்கவும் இல்லை. 1936-இல் தன் படமொன்றில் ஆர்ம்ஸ்ட்ராங் இருந்தே ஆக வேண்டும், டைட்டிலில் பெயரும் பெரிதாக வர வேண்டும் என்று அடம்பிடித்தார். அந்தக் கால ஹாலிவுட்டில் ஒரு கறுப்பின இசைக்கலைஞருக்கு அது சுலபத்தில் கிடைக்கிற மரியாதை இல்லை.

சரி, உங்கள் பக்கமும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. 1,600-க்கும் மேல் பதிவு செய்திருக்கிறார், அதில் சர்க்கரைப் பாகு நிறைய. டெக்கா ரெக்கார்டு கம்பெனியின் ஜாக் காப் ஹவாய்ப் பாட்டு, கௌபாய்ப் பாட்டு, ஐரிஷ் பாட்டு என்று எதைக் கொடுத்தாலும் பாடினார். 1940-களின் பிற்பகுதியில் பல பதிவுகளில் ஆள் பாதித் தூக்கத்தில் இருக்கிறாரோ என்று எனக்கே தோன்றும். 'ஒயிட் கிறிஸ்துமஸ்' கதையும் வேடிக்கைதான். 1942-இல் பதிவான மூலத்தகடு, பிரதி எடுத்து எடுத்தே தேய்ந்துபோய், 1947-இல் அதே பாட்டை அதே மாதிரி மறுபடி பாட வேண்டியதாயிற்று. நாம் வழக்கமாகக் கேட்பது அந்த இரண்டாவதைத்தான்.

ஆனால் அவருடைய சோம்பேறித்தனத்தைக் கேலி செய்வதற்கு முன் அது என்ன செய்தது என்று பாருங்கள். வாராவாரம் ரேடியோவில் நேரலையாகப் பாடுவது அவருக்குப் பிடிக்கவில்லை, முன்கூட்டியே பதிவு செய்து வைத்துவிட்டு கோல்ஃப் ஆடப் போக வேண்டும். அவர் பாடிவந்த ரேடியோ நிறுவனமான என்பிசி ஒத்துக்கொள்ளவில்லை, போட்டி நிறுவனமான ஏபிசிக்கு மாறினார். அங்கே தகட்டில் பதிந்தபோது ஒலித் தரம் அடிவாங்கியது. அந்தச் சமயத்தில்தான் ஜாக் மல்லின் என்ற என்ஜினியர், போர் முடிந்ததும் ஜெர்மனியிலிருந்து கொண்டுவந்த இரண்டு டேப் ரெக்கார்டர்களோடு வந்து சேர்ந்தார். 1947 அக்டோபரில் கிராஸ்பியின் நிகழ்ச்சி டேப்பில் ஒலிபரப்பானது. இதே மாதிரி மெஷின் செய்ய முயன்றுகொண்டிருந்த ஆம்பெக்ஸ் என்ற சின்னக் கம்பெனிக்கு 50,000 டாலர் கொடுத்தார். கிடாரிஸ்ட் லெஸ் பாலுக்கு ஒரு மெஷினைப் பரிசாகவே கொடுத்தார், அவர் அதில் ஒரு பதிவின் மேல் இன்னொன்றை ஏற்றிப் பாட்டு செய்யத் தொடங்கினார்.

அப்புறம் ஒன்று. ஒரு காமெடியனின் பச்சையான ஜோக்குகளை வெட்டிவிட்டு, அதற்குக் கிடைத்த சிரிப்பை மட்டும் பத்திரப்படுத்தி, பிறகு சிரிப்பே வராத இன்னொரு நிகழ்ச்சியில் ஒட்டியதாக மல்லின் பின்னாளில் சொல்லியிருக்கிறார். டிவி காமெடிகளில் யாருமே சிரிக்காத இடத்தில் கேட்கும் சிரிப்பொலிக்கு அதுவும் ஒரு பிள்ளையார் சுழி. அதற்காக கிராஸ்பியைத் திட்டி எழுதுங்கள், முழுசாகப் போடுகிறேன்.