அம்மாவின் கத்திக்கு எந்தப் பிடி?

கேள்வி: வரும் தீபாவளிக்குள் அம்மாவுக்கு 60 வயது முடிகிறது. இங்கே கையால் கத்தி செய்யும் ஒருவரிடம் அவருக்காகச் சமையல் கத்தி ஒன்று சொல்லியிருக்கிறேன். அலகு முடிவாகிவிட்டது. பிடிக்கு நான்கு மாதிரிகளைப் படமெடுத்து அனுப்பியிருக்கிறார்: கருங்காலி, நீல ரெசின் (இறுகினால் பிளாஸ்டிக் போல ஆகும் பிசின்) ஊற்றிய மர முண்டு, எருமைக் கொம்பு, கறுப்பு மைகார்ட்டா. எனக்கு நீலம்தான் கண்ணைப் பறிக்கிறது. தம்பி கொம்பு என்கிறான். அம்மா தினமும் சமைப்பவர், மீனும் அவரே ஆய்வார். எதைச் சொல்லட்டும்? – ஜூரோங் வெஸ்ட் வாசகி, சிங்கப்பூர்

பதில்: படத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். நேரில் போய், கையை நனைத்து, பாத்திரம் கழுவும் சோப்பு ஒரு சொட்டு விட்டுக்கொண்டு நான்கையும் பிடித்துப் பாருங்கள். கண்ணாடி மாதிரி பஃப் போட்டு மெருகேற்றினால் எந்தக் கட்டையும் படத்தில் மின்னும். தேக்கா சந்தையில் வாங்கி வந்த வஞ்சிரத்தை ஆய்கிற கையில் அதே மினுமினுப்பு வழுக்கும். பிடியின் அழகை ஈரக் கைதான் சொல்ல வேண்டும்.

நீலக் கட்டை தண்ணீருக்கு அஞ்சாது, அது உண்மை. ஆனால் ரெசின் பகுதி சோப்பு பட்டால் வழுக்கும். சூடான சட்டியின் விளிம்பில் பிடியைச் சாய்த்து வைத்தால் இளகித் தடம் விழலாம். ஜன்னலோரம் தொங்கவிட்டால் சாய நிறம் நாளாக ஆக மங்கும். மேசையில் வைக்கும் பேனாவுக்கு நானே இதை வாங்குவேன். அம்மாவின் கத்திக்கு மனம் வரவில்லை.

கருங்காலிக்கு நான் ரசிகன். ஆனால் அதில் சூடு பட்டவன். சில வருடங்களுக்கு முன் நல்ல கட்டை ஒன்றில் பிடி போட்டு அண்ணன் மகனுக்குக் கொடுத்தேன். என் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டு அடுக்களையில் மாதக்கணக்கில் ஒரு குறையும் இல்லாமல் இருந்த பிடி அது. அவன் அதை நாள் முழுக்க ஏர்கான் ஓடும் அறையில் அலமாரியில் வைத்தான். மூன்றாம் மாதம் ஆணித் துளையிலிருந்து மயிரிழை போல ஒரு விரிசல் கிளம்பியிருந்தது. நகத்தை ஓட்டினால்தான் தெரியும், ஆனால் அழுக்கு புக அது போதும். மரம் நீளவாக்கில் அநேகமாக அசையாது. குறுக்குவாக்கில்தான் ஈரத்துக்கு ஊதும், வறட்சிக்குச் சுருங்கும். நம் ஊரில் வெளிக்காற்றின் ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காட்டுக்கு மேல். ஏர்கான் அறைக்குள் அது சட்டென்று இறங்கும். கருங்காலி மாதிரி கெட்டியான மரத்துக்கு இந்தப் போக்குவரத்து ஆகாது. பிடி முழுக்கக் கருங்காலி என்றால் கனமும் அதிகம். தண்ணீரில் போட்டால் மூழ்கும் மரம் அது. இன்னொன்று, கருங்காலி மாலை மோகம் வந்த பிறகு சாயம் ஏற்றிய மரமும் அந்தப் பெயரில் உலவுகிறது. நெயில் பாலிஷ் ரிமூவரில் நனைத்த பஞ்சால் துடைத்துப் பார்த்தால், சாயமாக இருந்தால் பஞ்சு கறுத்துவிடும்.

தம்பியின் கொம்புக்கு வருவோம். நம் நகம் எதனால் ஆனதோ அதே கெரட்டின்தான் கொம்பும். உப்புத்தாள் போடும்போது முடி கருகிய நாற்றம் வரும். நகம் தண்ணீரில் ஊறினால் மெத்தென்று ஆகிறதல்லவா, கொம்பும் அப்படித்தான். ஊறிக் காய்ந்து ஊறிக் காய்ந்து வளையும், பிளக்கும். அலமாரியில் கிடந்தால் பூச்சி அரிக்கவும் செய்யும். ஜப்பானியர்கள் இதை நன்றாகப் புரிந்து வைத்திருக்கிறார்கள். அவர்களுடைய பாரம்பரியச் சமையல் கத்தியில் பிடி லேசான மக்னோலியா மரம்; அலகு சேரும் வாயில் மட்டும் எருமைக் கொம்பில் ஒரு பூண். தம்பியைச் சமாதானப்படுத்த நீங்களும் அந்தப் பூணோடு நிறுத்திக்கொள்ளலாம்.

மைகார்ட்டாவைப் படத்தில் பார்த்தால் யாருக்கும் பிடிக்காது. கரித்துண்டு மாதிரி இருக்கும். துணியையோ காகிதத்தையோ அடுக்கடுக்காக ஃபினாலிக் ரெசினில் தோய்த்து, சூட்டில் அழுத்தி எடுக்கும் பலகை அது. நூறு வருடத்துக்கு முன் மின்சாரச் சாதனங்களுக்காகப் பிறந்தது. இதன் குணம் நனைந்தால்தான் தெரியும். பஃப் போடாமல் 400 நம்பர் உப்புத்தாளோடு விட்டால், லினன் துணியின் நெசவு விரல் நுனியில் லேசாகத் தட்டுப்படும். ஈரம் பட்டால் பிடிப்பு கூடுகிற பொருள் நான் பார்த்தவரை இது ஒன்றுதான். ஊதாது, சுருங்காது. கறுப்பு பிடிக்கவில்லையென்றால் அடர் பழுப்பு லினன் கேளுங்கள். விளிம்புகளை உருட்டும்போது உள்ளடுக்குகள் நறுக்கிய வெங்காயத்தின் வளையம் மாதிரி வரிவரியாக வெளியே தெரியும். அந்த அழகு பலகையாக இருக்கும்போது கண்ணில் படாது.

வெள்ளைப் பக்கம் மட்டும் போக வேண்டாம். எலும்பு, வெளிர் மேப்பிள், வெளிர் நிற மைகார்ட்டா எல்லாம் மஞ்சள் தூள் பட்டால் ஒரே வாரத்தில் நம் வீட்டுக் கத்தியாகிவிடும். வெயிலில் வைத்தால் மஞ்சள் கொஞ்சம் வெளிறும், ஆனால் யார் தினமும் கத்தியை வெயிலில் காயவைப்பது?

இப்போது நீங்கள் கேட்காத ஐந்தாவது ஒன்று. கத்தி செய்பவரிடம் ஸ்டெபிலைஸ் செய்த அம்போய்னா முண்டு கிடைக்குமா என்று கேளுங்கள். நம் சாலையோரங்களில் நிழல் தருகிற அங்சானா மரம் இருக்கிறதே, அதே இனத்தில் கட்டி போலப் புடைத்து வளரும் பகுதிதான் அது. தமிழ்நாட்டு வேங்கை மரத்துக்கு ஒன்றுவிட்ட உறவு. உள்ளே நேரான ரேகையே இருக்காது. தேன் நிறத்தில் சின்னச் சின்னக் கண்களாகச் சுழன்றிருக்கும். ஸ்டெபிலைஸ் செய்வது என்றால், காய்ந்த கட்டையை அக்ரிலிக் ரெசினில் மூழ்கடித்து, வெற்றிடத்தில் காற்றை உறிஞ்சி, அந்த இடத்தில் ரெசினை ஏற்றி, சூட்டில் இறுகவைப்பது. நீலக் கட்டையில் ரெசின் தனியாகத் தெரியும். இதில் மரத்துக்குள்ளேயே மறைந்திருக்கும். தண்ணீர் எளிதில் ஏறாது, தொட்டால் மரமாகவே இருக்கும். கருங்காலிக்கு இந்த வைத்தியம் பலிக்காது. ரெசின் நுழைய அதில் இடமில்லை.

அம்மா கத்தியைக் கழுவியதும் துடைத்து வைப்பவரா? அம்போய்னா. சிங்க்கில் போட்டுவிட்டு அடுத்த வேலைக்கு ஓடுபவரா? பழுப்பு மைகார்ட்டா. என் அம்மா இரண்டாவது ரகம், அதனால் எனக்கு விடை எப்போதோ தெரிந்துவிட்டது.

பேச்சுவாக்கில் ரோஸ்வுட், செம்மரம், தந்தம் என்று ஏதாவது வந்தால் நிதானியுங்கள். ரோஸ்வுட் வகையான டால்பெர்ஜியா மரங்கள் 2017 முதல் மொத்தமாகச் சைட்டீஸ் (அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு ஒப்பந்தம்) பட்டியலில் இருக்கின்றன. செம்மரம் அதற்கும் முன்பே. முறையான தாள் இருக்கிறதா என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம். யானைத் தந்தம் பேச்சுக்கே இடமில்லை. சிங்கப்பூரில் அதன் விற்பனை 2021 செப்டம்பர் 1 முதல் தடை.

பொருளைவிட நான் கவலைப்படுவது இரும்பும் பிடியும் சேரும் இடத்தைப் பற்றி. இரும்புத் தகட்டின் இருபுறமும் கட்டை வைத்து ஆணி அடிக்கும் முறையில் தகட்டின் ஓரம் வெளியே தெரிந்துகொண்டே இருக்கும். கையால் செய்யும் கத்திகளில் பல கார்பன் எஃகு. ஓரத்தில் இடைவெளி விழுந்தால் துரு கட்டைக்கு அடியில் ஓடும். ஒருநாள் கட்டை தூக்கிக்கொள்ளும்போதுதான் தெரியவரும். இரும்பின் வாலைப் பிடிக்குள்ளேயே இறக்கி எப்பாக்சிப் பசையால் வாயை அடைக்கும் முறையைக் கேளுங்கள். இந்த ஊர் ஈரத்துக்கு அது தோது. ஆணி தேவைப்பட்டால் துருப்பிடிக்காத எஃகு. பித்தளை பளபளக்கும், புளி பட்டால் பச்சை பூக்கும்.

அப்புறம், அளவு. அம்மாவுக்குத் தெரியாமல் எடுக்க வேண்டுமென்றால் அவர் இப்போது புழங்கும் கத்தியின் பிடியை நடுவில் நூலால் சுற்றி, நூலை நீட்டி ஸ்கேலில் அளந்துகொள்ளுங்கள். பிடியின் நீளத்தையும் குறித்துக்கொண்டு, இரண்டையும் மாதிரிக் கட்டை பார்க்கப் போகும்போதே கத்தி செய்பவரிடம் கொடுத்துவிடுங்கள்.