ஆறு மா நிலத்தை அடகு வைத்து ஒரு சீட் வேண்டாம்

"படிக்க உட்காருன்னா கிரைண்டரைப் பிரிச்சுப் போட்டுக்கிட்டு உட்கார்றான் சார். எப்படியாவது இவனை மாத்துங்க."

மகனின் மேல்படிப்புக்கு என்னிடம் யோசனை கேட்டு நீடாமங்கலம் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்த அம்மா இப்படித்தான் ஆரம்பித்தார். பக்கத்தில் மகன், தலை நிமிரவில்லை. அரசுப் பள்ளியில் பிளஸ் டூ முடித்தவன், கட்-ஆஃப் 200-க்கு 104. சென்னையில் இருக்கும் தாய்மாமன் ஒரு தனியார் கல்லூரியில் நிர்வாக ஒதுக்கீட்டில் கம்ப்யூட்டர் சயின்ஸ் சீட் பேசி வைத்திருக்கிறார். பணத்துக்கு ஆறு மா நிலம், அதாவது இரண்டு ஏக்கர், அடமானம் போகப்போகிறது. பத்திரம் மஞ்சள் பையில் மடியிலேயே இருந்தது.

முதலில் எல்லாரிடமும் சொல்வதைப்போல ஆறுதல்தான் சொன்னேன். பத்திரத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டேன். அன்று சொன்னதையும் சொல்ல நேரமில்லாமல் போனதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

அம்மா, உங்கள் மகனிடம் ஒரு கேள்வி கேட்டேன், நினைவிருக்கிறதா? "ஃபேன் மெதுவாகச் சுத்துது, என்ன பண்ணுவே?" அவன் உடனே கெப்பாசிட்டர் (மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் சின்னப் பாகம்) என்று சொல்லிவிடவில்லை. "மொதல்ல மணி என்னன்னு பார்ப்பேன் சார். சாயங்காலம் ஏழு மணின்னா எங்க தெருவுல வோல்டேஜே இருக்காது. விடிகாலையிலயும் மெதுவா சுத்துனாதான் ஃபேன்ல கோளாறு. கரண்டை நிறுத்திட்டுக் கையால சுத்திப் பார்ப்பேன். இறுக்கமா இருந்தா பேரிங். லேசா சுத்துனா கெப்பாசிட்டர். அதுமேல ரெண்டரைன்னு எழுதியிருக்கும், மீட்டர்ல ஒண்ணரைதான் காட்டும்."

குறுவைக்கு மோட்டார்கள் ஓடும் நேரத்தில் ஊரில் வோல்டேஜ் இறங்கும் என்பதை எந்தப் புத்தகமும் அவனுக்குச் சொல்லித்தரவில்லை. வெளிக் காரணத்தை முதலில் விலக்கி, பிறகு பொருளுக்குள் போகிறான். நல்ல மருத்துவர் நோயாளியிடம் செய்வதும் இதுதான். பழுது பார்க்கிறேன் என்று சொல்லும் எத்தனையோ பேர் பாகத்தை மாற்றி மாற்றிப் போட்டு, ஓடும்வரை உங்கள் பணத்தைச் செலவழிப்பார்கள். இவன் அப்படியில்லை. வீட்டில் ஒரு பலகையில் நூறு வாட் குண்டு பல்பு ஒன்றை சீரியஸில், அதாவது தொடராக, மாட்டி வைத்திருக்கிறானாம். பிரித்த பொருளை நேராக லைனில் கொடுக்காமல் அந்த பல்பு வழியாகக் கொடுக்கிறான். பல்பு முழு வெளிச்சத்தில் எரிந்தால் உள்ளே ஷார்ட்டாக இருக்கலாம். எரியவே இல்லையென்றால் எங்கோ அறுந்திருக்கலாம். மங்கலாக எரிந்தால் மேலே பார்க்கலாம். எரிச்சலில் "பிரிச்சுப் போட்டுக்கிட்டு" என்றீர்களே, அந்தக் கிரைண்டர் கோளாறு பிளக்குக்குள் அறுந்திருந்த ஒயர்தான். மோட்டாரைத் தொடாமலே அதைக் கண்டுபிடித்திருக்கிறான்.

இன்னொன்றையும் உங்கள் வாயாலேயே சொன்னீர்கள். வயல் மோட்டார் இரண்டு முறை எரிந்து, காயில் (உள்ளே சுற்றியிருக்கும் கம்பிச் சுருள்) கட்டக் கொடுத்தீர்கள். மூன்றாம் முறை மோட்டார் உறுமும் சத்தம் கேட்டு ஓடிப்போய் நிறுத்தியது இவன். மூன்று ஃபேஸில் எங்காவது ஒன்றில் பீஸ் போனால் மிச்ச இரண்டின் மேல் பாரம் ஏறும். மோட்டார் சுற்ற முடியாமல் உறுமும், சில நிமிடங்களில் காயில் கருகும். இது தெரிந்த பையனைத்தான் "ஸ்க்ரூ டிரைவர் பிடிக்கவா பெத்தோம்" என்று கேட்கிறார் உங்கள் தம்பி.

கம்ப்யூட்டர் சயின்ஸ் கெட்ட படிப்பில்லை, அதை விரும்புகிறவனுக்கு. இவனிடம் அதைப் பற்றிக் கேட்டபோது "மாமா சொல்றாங்க" என்பதைத் தவிர ஒரு வார்த்தை வரவில்லை. பிடிக்காத படிப்பில் நான்கு வருடம், வருடத்துக்கு நாலைந்து அரியர், வட்டி ஓடும் நிலம். இதற்கு நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். பொறியியல்தான் வேண்டும் என்றாலும் நன்கொடை கொடுத்துச் சேர்க்க வேண்டிய அவசியம் இல்லை. ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குக் கலந்தாய்வில் 7.5 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. அதில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் இரண்டையும் அரசே கட்டுகிறது. மாமா இதை உங்களிடம் சொன்னாரா? இல்லையென்றால் அவர் பேசி வைத்திருப்பது மகனுக்கான வழியில்லை, கல்லூரிக்கான வழி.

இப்போது நான் சொல்லும் வழி: அரசு ஐ.டி.ஐ. (தொழிற்பயிற்சி நிலையம்), எலெக்ட்ரீஷியன் பிரிவு, இரண்டு வருடம். முகத்தைச் சுளிக்காமல் கேளுங்கள்.

விண்ணப்பக் கட்டணம் 50 ரூபாய். பயிற்சிக் கட்டணம் கிடையாது. மாதம் 750 ரூபாய் உதவித்தொகை. அரசுப் பள்ளியில் படித்தவன் என்பதால் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் தனியாக. சைக்கிள், சீருடை, காலணி, பாடப்புத்தகம், பஸ் பாஸ் எல்லாம் இலவசம். உங்கள் கையிலிருந்து போவது பெரும்பாலும் மதியச் சாப்பாடுதான். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் என்று நம் பக்கத்திலேயே இருக்கிறது. எலெக்ட்ரீஷியன் பிரிவு முதலில் நிரம்பிவிடும், அதனால் விண்ணப்பம் திறந்த வாரத்திலேயே போட வேண்டும். கிடைக்காவிட்டால் அடுத்த விருப்பமாகக் குளிர்சாதன மெக்கானிக் பிரிவை எழுதச் சொல்வேன். ஃப்ரிட்ஜும் ஏ.சி.யும் இல்லாத தெரு இனி நம் ஊரில் இருக்காது. ஒயர்மேன் பிரிவும் நல்லதுதான், ஆனால் அதில் வயரிங்குக்குத்தான் அழுத்தம் அதிகம், இவனுடைய கை மெஷினுக்குள் போகத் துடிக்கிறது.

அங்கே என்ன கற்பான்? வீட்டில் கண்ணால் பார்த்துக் கற்றதற்குக் கணக்கும் காரணமும் கிடைக்கும். எர்த்தின் மின்தடை எவ்வளவு இருக்க வேண்டும், அதை எப்படி அளப்பது, மோட்டார் காயிலைத் தன் கையால் கட்டுவது, ஸ்டார்ட்டர், பேனல், சோலார், இன்வெர்ட்டர். முடித்ததும் தேசிய தொழிற்சான்றிதழ். அதன்பின் ஒரு வருடம் அப்ரண்டிஸ், அதாவது வேலையிடத்தில் தொழில் பழகுநர். திருச்சி பொன்மலை ரயில்வே பணிமனையும் பெல் ஆலையும் ஐ.டி.ஐ. முடித்தவர்களை அப்ரண்டிஸாக எடுக்கும் இடங்கள். ரயில்வேயில் உதவி லோகோ பைலட், மின்வாரியத்தில் கள உதவியாளர், இரண்டுக்கும் ஐ.டி.ஐ. தகுதியாக ஏற்கப்படுகிறது. பி.இ. படித்த எத்தனையோ பேர் அந்த மின்வாரியத் தேர்வு அறிவிப்பைப் பார்த்து ஏங்குவதை நான் பார்த்திருக்கிறேன்.

மேலே படிக்க ஆசை வந்தால் பாலிடெக்னிக்கில் நேராக இரண்டாம் வருடம், பிறகு பி.இ.யிலும் நேராக இரண்டாம் வருடம். கதவு எதுவும் மூடவில்லை. ஆனால் தொழிலோடு போய், அதற்கு மேல் படிக்கும் பையன் அங்கே என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்து உட்காருவான்.

சொந்தமாகத் தொழில் செய்யவும் சான்றிதழ் முக்கியம். ஊரில் அனுபவத்தில் மட்டும் வேலை செய்பவர்கள் 21 வயதும் ஐந்து வருட அனுபவமும் காட்டி மின்கம்பி உதவியாளர் தகுதிகாண் தேர்வு எழுதியே மேலே வர வேண்டியிருக்கிறது. இவனுக்கு ஐ.டி.ஐ. சான்றிதழே ஒயர்மேன் தகுதிச் சான்றுக்கு வழி திறக்கும். பிரதமரின் சூர்ய கர் திட்டத்தில் 3 கிலோவாட் சோலாருக்கு 78,000 ரூபாய் மானியம் அறிவித்த பிறகு கூரைகளில் பேனல் ஏறிக்கொண்டிருக்கிறது. அதை மாட்டவும், ஐந்து வருடம் கழித்துப் பழுது பார்க்கவும் ஆள் வேண்டும். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது வேதாரண்யம் பக்கம் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. அப்போது ஊரே யாரைத் தேடியது என்று உங்களுக்கே தெரியும்.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் உங்கள் பக்கம். வீட்டில் இப்போது அவன் செய்யும் முறையில் ஆபத்து இருக்கிறது. சுவிட்சை அணைத்துவிட்டுக் கை வைக்கிறான். தப்பாக ஒயரிங் செய்த வீட்டில் சுவிட்ச் நியூட்ரலை அறுக்கும், கரண்ட் வரும் லைன் அப்படியே இருக்கும். பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் எதையும் பிரிக்க வேண்டும். மைக்ரோவேவ் அவனைத் தொடவே விடாதீர்கள், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே உள்ள கெப்பாசிட்டரில் உயிரெடுக்கும் மின்சாரம் தங்கியிருக்கும். காலேஜ் அட்வான்ஸுக்கு எடுத்துவைத்த பணத்தில் கொஞ்சம் எடுத்து, வீட்டுக்கு 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு இருந்தால் கரண்டை நிறுத்தும் சுவிட்ச்) மாட்டுங்கள். உங்கள் வீட்டில் இருக்கும் எம்.சி.பி. ஒயரைக் காப்பாற்றும், ஆளைக் காப்பாற்றாது.

தாய்மாமனிடம் நானே பேசுகிறேன், நம்பரைக் கொடுங்கள். "நாளைக்குப் பொண்ணு கேட்டுப் போனா எலெக்ட்ரீஷியன்னா சொல்றது?" என்று அவர் கேட்பார், அன்று நீங்களும் கேட்டீர்கள். கடன் இல்லாத இரண்டு ஏக்கரும், கையில் தொழிலும் இருக்கிற பிள்ளை என்று சொல்லுங்கள்.

அடுத்த சனிக்கிழமை அவனை மட்டும் அனுப்புங்கள், பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ மார்க் ஷீட், டி.சி., சாதிச் சான்றிதழ், ஆதார், இரண்டு போட்டோவோடு. விண்ணப்பத்தை இங்கேயே உட்கார்ந்து போட்டுவிடலாம். நிலப் பத்திரம் பீரோவிலேயே இருக்கட்டும்.