மார்கரெட்டே ஃபொன் விராங்கெல் உர ஆராய்ச்சியில் செய்தது என்ன?

‘ஜெர்மனியின் முதல் பெண் முழுநிலைப் பேராசிரியர் உர வேதியியலாளராமே, உரத்தில் அப்படி என்ன கண்டார்?’ என்று கேட்டிருக்கிறீர்கள். ‘முதல் பெண்’ என்ற பட்டத்துக்குப் பின்னால் அவருடைய வேலை மறைந்துபோனது பெரிய அநியாயம். மண்ணில் பாஸ்பரஸ் எவ்வளவு இருக்கிறது என்பதோடு நிற்காமல், அதில் வேருக்கு எட்டுவது எவ்வளவு என்று தேடியவர் அவர்.

1877இல் மாஸ்கோவில், பால்டிக் ஜெர்மானியக் குடும்பத்தில் பிறந்தார். ஆசிரியர் தேர்வு எழுதி, பாடம் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்துவிட்டு, 1904இல்தான் பல்கலைக்கழகத்துக்குள் வந்தார். 1909இல் டூபிங்கனில் கரிம வேதியியலில் முனைவர் பட்டம். லண்டனில் வேதியியலாளர் ராம்சேயிடமும் பாரிஸில் மேரி கியூரியிடமும் வேலை பார்த்தார். 1912இல் ரெவாலில் (இன்றைய தாலின்) உரம், தீவனம், விதை ஆகியவற்றைச் சோதிக்கும் வேளாண் நிலையத்துக்குத் தலைவரானார். ரஷ்யப் புரட்சியின்போது சிறைக்குப் போனார். விடுதலையானதும் 1918இல் ஸ்டுட்கார்ட் அருகே ஹோஹன்ஹைம் வந்து சேர்ந்தார்.

அப்போது ஜெர்மனியில் தழைச்சத்துக்கு (நைட்ரஜன்) காற்று இருந்தது, அந்தக் காற்றின் நைட்ரஜனை அம்மோனியாவாக்கும் ஹேபர்-பாஷ் முறை இருந்தது. பொட்டாஷுக்குச் சொந்தச் சுரங்கம். மணிச்சத்துக்கு (பாஸ்பரஸ்) மட்டும் வழியில்லை. பாறை பாஸ்பேட் இறக்குமதிச் சரக்கு, காசு கிடையாது. எஃகு ஆலைக் கசடான தாமஸ் மாவு பெருமளவு கிடைத்துவந்த லொரேன் பகுதியும் போரில் கைவிட்டுப் போயிற்று. வயலிலோ ஆண்டாண்டாகப் போட்ட பாஸ்பேட் கரையாமல் கிடந்தது.

அதை வேருக்கு எட்டவைக்க அவர் பிடித்த வழி இது. கால்சியம் பாஸ்பேட் கரையும்போது கால்சியமும் பாஸ்பேட்டும் மண்நீருக்குள் வருகின்றன. இரண்டில் எதை வேர் இழுத்துக்கொண்டாலும் மேலும் கொஞ்சம் கரையும். கால்சியத்தை நிறைய எடுக்கும் பயிர் பாறை பாஸ்பேட்டை நன்றாகப் பயன்படுத்தும், குறைவாக எடுக்கும் தானியப் பயிர் திணறும். அதனால் பயிரிலுள்ள சுண்ணாம்புக்கும் (கால்சியம்) மணிச்சத்துக்குமான விகிதத்தை அளவுகோலாக வைத்தார்.

அடுத்தது அமிலத் தன்மை. அம்மோனியம் சல்பேட் போட்டால், வேர் அம்மோனியத்தை எடுத்துக்கொண்டு பதிலுக்கு ஹைட்ரஜன் அயனியை வெளியே விடும். அந்த அமிலம் வேரை ஒட்டிய மண்ணில் பாஸ்பேட்டைக் கரைக்கும். சோடியம் நைட்ரேட் போட்டால் நேர் எதிர், வேர்ப்பக்கம் காரமாகும். ஆகவே எந்தத் தழைச்சத்து உரம் என்பதைப் பொறுத்தே மணிச்சத்து கிடைப்பதும் மாறுகிறது. இதை வைத்து, பாஸ்பேட் இறக்குமதியைக் குறைக்கும் திட்டத்தைப் பொருளியலாளர் ஏரெபோவுடன் சேர்ந்து முன்வைத்தார்.

இது சறுக்கும் இடம் சுண்ணாம்பு மண். 100 கிலோ அம்மோனியம் சல்பேட் தரும் அமிலத்தை முறிக்க ஏறத்தாழ 110 கிலோ சுண்ணாம்புக்கல் போதும். ஒரு ஹெக்டேரின் மேல்மண் சுமார் 20 லட்சம் கிலோ. அதில் 1 சதவீதம் சுண்ணாம்பு இருந்தாலே 20 டன். அந்த நிலத்தில் 100 கிலோ உரத்தின் அமிலம் எந்த மூலைக்கு? அமிலப் பாங்கான தேயிலைத் தோட்டத்து மண்ணில் பாறை பாஸ்பேட் வேலை செய்வதும், சுண்ணாம்புள்ள கரிசலில் அப்படியே கிடப்பதும் இதனால்தான். தொட்டியில் சோதித்துப் பார்க்க நினைப்பவர்கள் மணலை முதலில் நீர்த்த அமிலத்தில் ஊறவைத்து, நன்றாக அலசிக்கொள்ளுங்கள். கிளிஞ்சல் தூள் கலந்திருந்தால் முடிவே தலைகீழாகிவிடும்.

இன்னொரு குறை இதைவிடப் பெரியது. கரையாததைக் கரைத்து எடுத்துக்கொண்டே போனால் சேமிப்பு குறையும், திருப்பிப் போட்டே ஆகவேண்டும். அன்றைக்கே கடுமையாக எதிர்த்தார்கள். அந்த எதிர்ப்பில் நியாயமும் உண்டு. அந்தத் திட்டம் நிற்கவில்லை, அவர் எழுப்பிய கேள்வி நின்றது.

1923இல் ஹோஹன்ஹைமில் தாவர ஊட்டவியல் பேராசிரியரானார், அதற்கென ஒரு ஆய்வகமும் அமைந்தது. 1928இல், இறந்துவிட்டதாக நினைத்திருந்த பால்ய நண்பர் விளாடிமிர் அந்திரோனிக்கோவை மணந்தார். அரசுப் பணியிலிருக்கும் பெண் மணமானால் வேலையை விடவேண்டிய காலம் அது. தனி அனுமதி பெற்றுப் பதவியில் தொடர்ந்தார். மண்நீரிலுள்ள, பயிருக்கு எட்டும் சத்தை அளப்பதே கடைசி ஆண்டுகளின் வேலை. 1932 மார்ச் 31இல், 55 வயதில் காலமானார்.

அந்த அளவீடு எவ்வளவு நுட்பமானது என்றால், மண்நீரில் பாஸ்பரஸ் பெரும்பாலும் லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்கும் குறைவு. இன்று மாலிப்டேட் என்ற வேதிப்பொருளைச் சேர்த்து, பாஸ்பேட்டால் வரும் நீலநிறத்தின் அடர்த்தியைப் பார்க்கிறோம். பாஸ்பேட் கலந்த சோப்பில் கழுவிய ஒரு குடுவை போதும், கணக்கு கெட்டுவிடும். மண் பரிசோதனை அட்டையில் ‘கிடைக்கும் மணிச்சத்து’ என்று இருந்தால், எந்த முறை என்று கேளுங்கள். கார மண்ணுக்கு ஓல்சன் முறை, அமில மண்ணுக்கு பிரே முறை. மாற்றிச் செய்திருந்தால் அந்த எண்ணை நம்பி உரம் போடவேண்டாம்.